நோன்பு பிடித்துப் பறந்தவன்

எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவரின் முகத்தைவிட அவருடைய பிடரியைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். துணி போர்த்திய அந்த இரட்டைச் சிறகு விமானத்தில் ஆசிரியர் முன்னால் உட்காருவார், மாணவன் பின்னால். தோல் தொப்பிக்கும் சட்டைக் கொலருக்கும் நடுவில் மூன்று விரல் அகலத்துக்கு வெயிலில் கறுத்த ஒரு பிடரி. நான் சரியாகத் திருப்பினால் அது லேசாக ஆடும். பிழைவிட்டால் கல்லாகிவிடும். அவர் கத்தவே மாட்டார். எஞ்சின் இரைச்சலில் பேசுவதற்கென்று ரப்பர் குழாய் ஒன்று அவர் வாயிலிருந்து என் காதுவரை வரும், என் வாயிலிருந்து அவர் காதுக்கு இன்னொன்று போகும். நான் பிழைவிட்டால் அவருடைய குழாயில் ஒரு சத்தமும் வராது. திட்டு வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும்.

அந்த மனிதரை நான் கெடுத்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு இப்போது பொறுமை இல்லை. அவருடைய காலைக் கெடுத்தேன், தொழிலைக் கெடுத்தேன், இவை இரண்டையும்விட மோசமான இன்னொன்றையும் செய்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்த காலம். கொழும்பில் ஒரு சிறிய பறத்தல் கழகம் இருந்தது. அவர்களுடைய மைதானத்தில் ஏதோ திருத்தவேலை என்று சொல்லி, மூன்று மாதத்துக்கு இரண்டு விமானங்களைத் தம்புள்ளைக்கு அப்பால், சீகிரியாப் பக்கம், யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஓடுபாதைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு தகரக் கொட்டகை, எரிபொருள் பீப்பாய்கள், ஒரு மெக்கானிக், ஒரு ஆசிரியர். விடியற்காலையில் ஓடுபாதையில் யானை லத்தி கிடக்கும். இறங்குவதற்கு முன் ஒருமுறை தாழப் பறந்து மாடுகளைத் துரத்த வேண்டும். மாத்தளைக் கடைத்தெருவில் ஏலம், கராம்பு, கொக்கோ மொத்த வியாபாரம் செய்தவர் என் வாப்பா. எனக்கு இருபது வயது. சாக்குக்குள் கையை விட்டு மிளகின் ஈரம் பார்க்கத் தெரியும். வேறொன்றும் தெரியாது. அந்த விமானங்களில் ஒன்று மாத்தளைக்கு மேலால் பறந்துபோனதை ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலிருந்து வரும்போது பார்த்தேன். அவ்வளவுதான், எனக்குப் பைத்தியம் பிடித்தது.

ஆசிரியர் வஹகோட்டைக்காரர். அது பழைய கத்தோலிக்க ஊர். அவர் பேச்சும் வீடும் சிங்களம், அவருடைய தமிழ் கடைகளிலும் படையிலும் பொறுக்கிய தமிழ். யுத்தத்தில் வெள்ளைக்காரப் படையில் சேர்ந்து பறந்தவர். அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி, நான்கு பெண்பிள்ளைகள். கிழமை நாட்களில் கொட்டகையிலேயே தங்குவார். சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளில் ஊருக்குப் போய், ஞாயிறு பூசை கண்டு, திங்கள் காலை மனைவி கட்டிக்கொடுத்த பெரிய சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வருவார். என்னை "மல்லி" என்றுதான் கூப்பிடுவார். தம்பி என்கிற அந்தச் சிங்களச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டால் சொந்த அண்ணன் கூப்பிட்டது போலிருக்கும். எனக்கு அண்ணன் இல்லை.

முதல்நாளே ஒரு சட்டம் போட்டார்.

"வெறும் வயித்துல வந்தா நான் மேல கூட்டிட்டுப் போறது இல்ல. தண்ணி குடிக்காம வந்தாலும் இல்ல. வெளங்கிச்சா மல்லி? மேல தலை சுத்தினா புடிச்சுக்க செவரு ஒண்ணும் இல்ல."

இதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் விமானத்தில் ஏறுவதற்கு முன் "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் தொப்பியை மாட்டுவார். எங்கள் ஊரில் வழியில் கண்டவனிடம்கூடக் கேட்கிற கேள்வி. ஆனால் அவர் கேட்டது எஞ்சினில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற கேள்வி.

வாப்பா என்னை அனுப்பியதே அதிசயம். கடையில் எல்லாருக்கும் முன்னால் வைத்து அவர் சொன்ன நிபந்தனை இன்னும் காதில் இருக்கிறது.

"பறக்கிறதுக்கு நான் வேணாம்னு செல்லல்ல. ஆனா ஒரு தொழுக, ஒரு நோன்பு உட்டாலும் அன்னைக்கோட அந்த வெளாட்டு முடிஞ்சி. கொழும்புக்குப் போய்ப் படிக்கிற கதையும் என்கிட்ட வேணாம். அந்த மூணு மாசம்தான்."

"சரி வாப்பா."

மூன்று மாதத்தில் மூன்றாவது மாதம் நோன்பு மாதமாக வந்து வாய்த்தது. அதுவும் மே மாதம். தம்புள்ளைப் பக்கத்து மே மாத வெயிலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மண் சட்டியில் போட்டு வறுப்பது போல வறுக்கும். அந்த மாதக் கடைசியில்தான் கொழும்பிலிருந்து பரீட்சகர் வருவதாக இருந்தது. பெருநாளோடு விமானங்கள் திரும்பிவிடும். எனக்கு இன்னும் பல மணி நேரப் பறத்தல் பாக்கி. தனியே பறக்கத் தொடங்கி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. பரீட்சையில் தேறினால் லைசன்ஸ். தேறாவிட்டால் சாக்கு, தராசு, மிளகு, கடைசியில் மௌத்து.

நோன்புக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆசிரியரே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நோன்பு வந்தா நீ வராதே மல்லி. ஒரு மாசம் வீட்ல இரு. நாங்களும் தவக்காலம் இருக்கிறது, எனக்குத் தெரியும் அது லேசு இல்ல. பெருநாளுக்குப் பொறகு கொழும்புக்கு வா. நான் சொல்லிக் குடுக்கிறேன்."

அவருக்கென்ன, கொழும்புக்கு வா என்று சொல்லிவிட்டார். என் வாப்பாவை அவருக்குத் தெரியாது. அன்று பின்னேரமே எங்கள் பள்ளிவாசல் லெப்பையிடம் ஓடினேன். பயணிக்கு நோன்பில் சலுகை உண்டல்லவா, நான் மாத்தளையிலிருந்து ஓடுபாதைவரை போய் வருகிறேனே என்று கேட்டேன். அவர் நாற்பத்தெட்டு மைல் வேண்டும் என்றார். முப்பத்தைந்து மைலும் வராது என்றார். நான் விடவில்லை.

"மேல ஏறினா நூறு மைலும் சுத்துவேனே, அத கணக்குல எடுக்க ஏலாதா?"

லெப்பை சிரித்தேவிட்டார். "ஆகாயத்துல எத்தன மைல் சுத்தினாலும் ஏறின எடத்துலதானே எறங்குறீங்க தம்பி? அது பயணமில்ல. செக்கு மாடு பயணம் போகுதுன்னு யாராவது செல்லுவாங்களா?"

இப்போது நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. என் முன்னால் இரண்டு வழி இருந்தது. நோன்பை விட்டுவிட்டு வாப்பாவிடம் பிடித்ததாகப் பொய் சொல்லலாம். அல்லது நோன்பைப் பிடித்துக்கொண்டு ஆசிரியரிடம் விட்டதாகப் பொய் சொல்லலாம். அல்லாஹ்வுக்குப் பயந்தவன் நான், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். பொய் சொன்னால் நோன்பின் பலன் போய்விடும், தண்ணீர் குடித்தால் நோன்பே போய்விடும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருந்தார்கள். நான் பலனை விட்டுவிட்டு நோன்பைப் பிடித்துக்கொண்டேன். வியாபாரி மகன் அல்லவா, எது மலிவோ அதை விட்டேன்.

"இந்த வருசம் எனக்கு நோன்பு இல்ல சார்" என்று மறுநாள் அவரிடம் சொன்னேன். "வயித்துல புண். டொக்டர் புடிக்க வேணாம்னிட்டார்."

"நெசமா?"

"நெசமாத்தான் சார்."

அந்த மனிதர் அதை முழுதாக நம்பினார். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வயிற்றில் புண் என்றால் நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமே என்று, திங்கட்கிழமை எனக்கும் சேர்த்து மனைவியிடம் பொட்டலம் கட்டி வாங்கி வந்தார். உறைப்பில்லாமல் அவித்த மரவள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பூ, கதலி வாழைப்பழம். எங்களுக்கு ஆகாதது ஒன்றும் கலக்கவில்லை, தனிச் சட்டியில் அவித்தது என்று சொல்லச் சொன்னாராம் மனைவி. மற்ற நாட்களில் தம்புள்ளை பேக்கரிக் கடையிலிருந்து எனக்கென்று பாண் வாங்கி வைப்பார். நான் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போய் குரங்குகளுக்குப் போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன். இருபது நாளுக்கு மேல் இதைச் செய்தேன். எழுதும்போது கை கூசுகிறது.

முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. இளரத்தம். காலையிலேயே பறந்து முடித்துவிடுவேன். பிறகு ஆசிரியர் சொல்லாமலே எனக்கு விளங்கத் தொடங்கியது. மேலே காற்று குளிராக இருக்கும், ஆனால் வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும். திரும்பும்போது வானமும் குளமும் ஒரு நொடி பிந்தித்தான் திரும்பும். பதினைந்தாம் நோன்பன்று பௌத்தர்களின் வெசாக் பண்டிகை. தம்புள்ளையில் வீட்டுக்கு வீடு வெளிச்சக் கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தானசாலையில் பஸ்ஸை மறித்து எல்லாருக்கும் குளிர்பானம் கொடுத்தார்கள். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்போது பக்கத்திலிருந்த கிழவனிடம் கொடுத்தேன். அந்தக் கோப்பையின் குளிர் என் கையில் வெகுநேரம் இருந்தது.

இருபத்துமூன்றாம் நோன்பு. மறுநாள் பரீட்சகர் வருகிறார். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நான் எழும்பவில்லை. உம்மா தட்டியது கேட்டது, எழுந்ததாக நினைத்துக்கொண்டு தூங்கிப்போனேன். முதல்நாள் இரவு குடித்த கஞ்சிதான் வயிற்றில். அன்று விடக்கூடாதா என்று கேட்பீர்கள். அன்றைக்கு மட்டும் போகாமல் இருந்திருக்கலாம், அல்லது பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்து, விட்டதற்கு ஈடாகப் பிறகு ஒரு நோன்பைக் களாவாகப் பிடித்திருக்கலாம். இந்த இரண்டையும் நான் பஸ்ஸில் நினைத்தேன். பஸ் நாவுல ஊரைத் தாண்டும்வரை நினைத்தேன். இருபத்திரண்டைப் பிடித்தவன் இருபத்துமூன்றை விடுவதா என்று ஒரு கர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது.

காலையில் எஞ்சினில் கோளாறு. மெக்கானிக் அதைச் சரிசெய்து முடிக்கப் பதினொரு மணி ஆனது. தகரக் கொட்டகைக்குள் இருக்க முடியவில்லை, வெளியே நிற்கவும் முடியவில்லை. ஆசிரியர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் சார்."

"என்ன சாப்பிட்டே?"

அதற்கு முன் ஒருநாளும் அவர் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லை.

"உம்மா ரொட்டி சுட்டுத் தந்தாங்க சார்."

"ஒதடு வெடிச்சிருக்கே."

"காத்து சார்."

அது கச்சான் காற்று தொடங்கும் காலம்தான், உண்மையில் எல்லாருக்கும் உதடு வெடித்திருந்தது. அவர் என் தோளைத் தட்டிவிட்டு ஏறினார். குழாயில் குரல் வந்தது. "இன்னைக்கு நான் ஒண்ணையும் தொட மாட்டேன். நாளைக்கு வர்ற அந்த மனுசன் முன்னால இருக்கிறான் எண்டு நெனச்சுக்கோ." சொன்னபடியே, நான் பார்க்கவேண்டும் என்று இரண்டு கைகளையும் வெளியே எடுத்து விளிம்பின்மேல் வைத்துக்கொண்டார். நாளைய பரீட்சையில் நான் தேறுவேன் என்று என்னைவிட அவர் நிச்சயமாக இருந்தார்.

நன்றாகத்தான் பறந்தேன். அதைச் சொல்லாவிட்டால் அவருடைய கற்பித்தலுக்குக் குறை. இரண்டு தடவை இறங்கி ஏறினேன், அந்தப் பிடரி சந்தோஷமாக ஆடியது. மூன்றாவது தடவை எஞ்சின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுபாதைக்கு நேராக வரும்போது காதுக்குள் ஒரு இரைச்சல். கண்ணின் இரண்டு ஓரமும் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடுபாதை ஒரு நாடாவைப் போல ஒடுங்கியது. குழாய் என் வாய்க்கு முன்னாலேயே இருந்தது. "சார், நீங்க எடுங்க" என்றால் போதும். மூன்றே சொல். சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் பரீட்சை இல்லை. இன்னும் பத்து நொடிதானே, இறக்கிவிடலாம் என்று பல்லைக் கடித்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது.

கண் திறந்தபோது இருக்கை வாரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். எரிபொருள் சொட்டும் சத்தம் கேட்டது. ஓடுபாதைக்கு நூறு யார் தூரம் முன்னால் இருந்த வாய்க்கால் வரம்பில் சக்கரம் அடித்து விமானம் குப்புறக் கவிழ்ந்திருந்தது. கடைசி நொடியில் மூக்கு மேலே தூக்கியதைக் கண்டதாக மெக்கானிக் சொன்னான். ஆசிரியர் ஸ்டிக்கைப் பாய்ந்து பிடித்திருக்கிறார். அந்த ஒரு தூக்கலால்தான் நான் உயிரோடிருக்கிறேன். எஞ்சின் பின்னுக்குத் தள்ளி அவருடைய இடதுகால்மேல் இருந்தது. நெற்றி பிளந்திருந்தது. எனக்கு உதட்டில் ஒரு வெட்டு.

அடுத்து நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்துச் சேனைப் பயிரில் வேலை செய்தவர்கள் ஓடிவந்து எங்களை வெளியே இழுத்துப் போட்டார்கள். ஆசிரியர் நினைவில்லாமல் முனகிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒரு போத்தல் தண்ணீரைக் கொண்டுவந்து என் வாயில் வைத்தான். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பினேன். அவன் பயந்துபோய் "குடிங்க, குடிங்க" என்று சிங்களத்தில் கெஞ்சினான். நான் குடிக்கவில்லை. பத்தடி தூரத்தில் என் மனிதர் இரத்தத்தில் கிடக்கிறார், நான் நோன்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அன்று மாலை மாத்தளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேரீச்சம்பழத்தால் அதைத் திறக்கவும் செய்தேன். மார்க்கப்படி அந்த நோன்பில் ஒரு குறையும் இல்லை.

வாப்பா கோபப்படுவார், இனிப் பறத்தல் என்ற பேச்சே இருக்காது என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். "நோன்பாளிய அல்லாஹ் கைவுடல்ல" என்று பள்ளிவாசலில் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். அவ்வளவு பெரிய விபத்தில் அவருடைய மகன் ஒரு கீறலோடு தப்பியதற்கு நோன்புதான் காரணம். கேட்டவர்கள் எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அதை அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஆசிரியரைக் கண்டிக்குக் கொண்டுபோய் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மூன்று கிழமைக்குப் பிறகு கொழும்பிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் தம்புள்ளை ரெஸ்ட் ஹவுஸில் வைத்து என்னை விசாரித்தார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்று அல்லாஹ்மீது ஆணையிட்டுக்கொண்டுதான் போனேன். ஆனால் அவர்கள் முதலிலேயே ஆஸ்பத்திரியில் ஆசிரியர் கொடுத்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். "விபத்து நேரத்தில் விமானம் என் கையில்தான் இருந்தது, உயரத்தைத் தவறாகக் கணித்தது நான்தான், மாணவனிடம் ஒரு குறையும் இல்லை" என்று அவர் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்.

"இது சரிதானா?" என்று கேட்டார் ஒருவர்.

என் நெஞ்சு உருகிப்போனது. என்னைக் காப்பாற்றுகிறார், என்னுடைய எதிர்காலத்துக்காகத் தன்னைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய கொடையைத் தட்டிவிட்டால் அவரைப் பொய்யர் ஆக்கியதாகாதா என்றும் நினைத்தேன். கோழைக்கு நியாயம் கண்டுபிடிக்கச் சொல்லித் தரவா வேண்டும்?

"சரி சார்" என்றேன்.

கண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருமுறை போனேன். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் கையாலதான் மல்லி. நீ தப்பிச்சியே, அது போதும்" என்றார். பக்கத்தில் தாதி நின்றதால் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நானும் அழுதேன், அவரும் அழுதார். அவரவர் வேறு வேறு விஷயத்துக்கு அழுதோம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அவருடைய லைசன்ஸைப் பறித்தார்கள். எனக்குக் கிடைத்தது. நோன்பு காப்பாற்றிய மகனைக் கொழும்புக்கு அனுப்ப வாப்பா பின்நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பறந்தேன். தபால், மருந்து, நில அளவைக்காரர்கள் என்று நாடு முழுக்கக் கொண்டுபோய் இறக்கினேன். அவர் சொல்லித்தந்தபடி பூமியைப் பார்க்காமல் தூரத்தைப் பார்த்தே இறக்கினேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. அவரைப் போய்ப் பார்க்கவும் இல்லை. பெருநாளுக்குப் பெருநாள் வாழ்த்து அட்டை அனுப்பினேன், வெட்கம் கெட்டவன்.

ஒன்பதாம் வருடம் என்னை ஆசிரியராகப் போட்டார்கள். முதல்நாள் முதல் மாணவன், ஒல்லியான ஒரு பையன், தொப்பியோடு வந்து நின்றான். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்து வந்தது அவருடைய குரல். பையன் "சாப்பிட்டேன் சார்" என்றான். அவன் முகத்தைப் பார்த்தேன், உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அன்று பறக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் மாத்தளை, அங்கிருந்து வஹகோட்டை.

கோயிலுக்கு அப்பால் தென்னந்தோட்டத்துக்குள் சின்ன வீடு. வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கண்டதும் ஊன்றுகோலை எடுக்கப் பார்த்தார், நான் ஓடிப்போய்த் தடுத்தேன். மனைவி தேநீர் கொண்டுவந்து தந்துவிட்டு உள்ளே போனார். எந்த விமானம் ஓட்டுகிறாய், எத்தனை மணி நேரம் ஆச்சு என்று ஆசை ஆசையாகக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அன்னைக்கு நான் நோன்பு. சஹரும் இல்ல. தலை சுத்தி மயங்கிட்டேன். நீங்க என்னைக் காப்பாத்தினீங்க, எனக்காக எழுதியும் குடுத்தீங்க. இவ்வளவு நாளா வாய் தொறக்காம இருந்திட்டேன்."

அவர் முகத்தில் ஒன்றும் விளங்காத ஒரு பார்வை வந்தது.

"என்ன எழுதிக் குடுத்தேன்?"

"விமானம் உங்க கையில இருந்திச்சு எண்டு."

"என் கையிலதானே இருந்திச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நெற்றி பிளந்த அந்த அடியில் அன்றைய நாளே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. எஞ்சினைத் திருத்தியதோ, ஏறியதோ, கைகளை வெளியே வைத்ததோ எதுவும் ஞாபகமில்லை. நான் நல்ல மாணவன், சாப்பிட்டுவிட்டு வருபவன், நாளைக்குப் பரீட்சையில் தேறப்போகிறவன். அப்படியானால் பிழை தன்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று அவர் யோசித்து முடிவுக்கு வந்திருக்கிறார். அதை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார். கொடை ஒன்றும் இல்லை. என்மேல் வைத்த நம்பிக்கை, அவ்வளவுதான்.

நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குரங்குகளுக்குப் போட்ட பாணையும் சொன்னேன். அவர் மனைவியை வெளியே கூப்பிட்டார்.

"இவளுக்கும் சொல்லு. சிங்களத்தில சொல்லு."

சொன்னேன். பாதியில் அந்த அம்மாவின் கை வாய்க்குப் போனது. நான் முடித்ததும் அவர் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னிடம் சொன்னார்.

"ஒன்பது வருசமா ஒவ்வொரு தவக்காலமும் சாமியார்கிட்ட இவர் சொல்ற பாவம் இதுதான். ஒரு பிள்ளையைக் கொல்லப் பாத்தேன் எண்டு. சாமியார் மன்னிச்சு அனுப்புவார். வீட்டுக்கு வந்து மறுபடி அழுவார். எங்க மகளுகளக்கூட சைக்கிள்ள ஏத்த மாட்டார், என் கைய நம்ப ஏலாது எண்டு."

நான் ஆசிரியரின் காலடியில் உட்கார்ந்து மாப்புக் கேட்டேன். அவர் என் கையை அப்புறப்படுத்தினார், முரட்டுத்தனமாக இல்லை.

"கோவமில்ல மல்லி. ஆனா ஏலாது. இப்ப போ."

அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு கோப்பைத் திறக்க இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் லைசன்ஸையாவது பிடுங்கியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. நானே பறப்பதை விட்டுவிட்டு வாப்பாவின் கடையில் வந்து உட்கார்ந்தேன்.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு என்பது எங்கள் மார்க்கம். நோன்பு தொடங்குமுன் ஒருவரிடம் ஒருவர் மாப்புக் கேட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். அதனால் ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முந்திய கிழமை வஹகோட்டைக்குப் போனேன். போ என்றவர் வராதே என்று சொல்லவில்லையே. அவர் உட்காரச் சொல்வார். தேநீர் வரும். மழை பற்றி, தேங்காய் பற்றிப் பேசுவார். நான் மாப்பு என்று வாயெடுத்ததும் தோட்டத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். குழாயில் வராத குரலுக்காகக் காத்திருந்த அதே பையனாக நான் அங்கே உட்கார்ந்திருப்பேன். கடைசிப் பஸ்ஸுக்கு எழுந்து வருவேன். இப்படி ஏழு வருடம்.

எட்டாவது வருடம் நோன்புக்குப் பத்து நாள் முன்னால் அவர் இறந்துவிட்டதாகக் கடைக்கு வந்த ஒரு கலேவலை வியாபாரி சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். நான்கு மகள்களும் கறுப்பு உடுத்து வாசலில் நின்றார்கள். அந்த அம்மா என்னைக் கண்டு தானே வெளியே வந்தார்.

"கடைசில என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி."

"அப்ப நீங்களாவது சொல்லுங்க. அவருக்குப் பதிலா நீங்க மாப்புத் தந்தா எனக்குப் போதும்."

அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். அந்தக் கண்ணில் வெறுப்பு இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். இரக்கம்தான் இருந்தது.

"என்ட பங்க நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்" என்றார். "அவர்ட பங்கு அவர்ட. அத நான் எடுத்துக் குடுக்க ஏலாது."